காய்ந்த ஆற்றுக்குப் படகு கொண்டுவந்த எங்கள் அண்ணன்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும், அண்ணனோடு சிரித்துப் பழகிய எல்லோருக்கும் என் கும்பிடு.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் மாட்டுக்குப் பின்னால்தான். "நீங்க சொல்லுங்க, நான் அழகா எழுதித் தர்றேன்" என்று பள்ளிக்கூடத்து வாத்தியார் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். லாரி ஓட்டியதும், வெல்டிங் வேலை கற்றதும், கும்மிடிப்பூண்டி ரோட்டில் பட்டறை போட்டு இன்று பதினோரு பேருக்கு வேலை கொடுப்பதும் நானாகச் செய்தது. அண்ணனைப் பற்றி எழுத மட்டும் இன்னொருத்தர் கை எதற்கு? பிழை இருந்தால் அச்சுக்காரர் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தில் பிழை இருக்காது.

அண்ணன் அவர்கள் நம்மை விட்டுப் போய் ஓர் ஆண்டு ஆகிறது. அவர் பிறந்தது ஆரணி ஆற்றின் வடகரையில், பொன்னேரிக்கு மேற்கே உள்ள நம் ஊரில்தான். பிறந்த வீட்டிலேயே வாழ்ந்தார். நைனா காலமானபோது அண்ணனுக்கு இருபத்தெட்டு வயது, எனக்கு இருபத்திரண்டு. நடுவில் பிறந்தவர்கள் தங்கவில்லை. கடைசியாகப் பிறந்த தங்கைக்கு அப்போது நாலு வயது. அடுத்த ஆண்டே அம்மாவும் போய்விட்டார்கள். மூன்று ஏக்கர் நன்செய், ஒரு ஜோடி மாடு, கல்யாணமாகி வந்த கையோடு எங்கள் எல்லோருக்கும் தாயாக ஆகிப்போன அண்ணி. இவ்வளவுதான் அண்ணன் கையில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு அவர் ஒரு நாளும் முகம் சுளித்து நான் பார்த்தது கிடையாது.

என்னை நெல்லூர் லோடு ஏற்றும் லாரி ஒன்றில் கிளீனராகச் சேர்த்துவிட்டதும் அவர்தான். "டேய், உனக்கு மண்ணு ஒத்துவராது. சக்கரம்தான் ஒத்துவரும்" என்றார். அவர் சொன்னது பலித்தது. மற்றதெல்லாம் என் உழைப்பு.

அண்ணன் வெளியே போனால் வெறுங்கையோடு திரும்ப மாட்டார். ஏரிப்பக்கம் போனால் விரால் மீன். வரப்புப்பக்கம் போனால் வேட்டி மடியில் நண்டு. பனந்தோப்புக்குப் போனால் நுங்குக் குலை. ஒன்றும் கிடைக்காத நாளில் வழியில் பார்த்த ஆள் யாரையாவது சாப்பிடக் கூட்டிவந்துவிடுவார். அண்ணி உலையில் அரிசி போடும் முன்பு வாசலை எட்டிப் பார்த்து, "இன்னிக்கு இன்னா, மீனா, மனுசனா?" என்று கேட்பார்கள். "ரெண்டும்தான்" என்பார் அண்ணன். மீன் பிடித்துக் கொடுத்தவரையே கூட்டி வந்திருப்பார்.

சோழவரத்தில் மோட்டார் ரேஸ் நடக்கும் சமயங்களில் வண்டியில் வைக்கோலைப் பரப்பி, வீட்டுப் பெண்கள், பிள்ளைகள், பக்கத்து வீட்டார் என்று அள்ளிப் போட்டுக்கொண்டு விடிகாலையிலேயே கிளம்பிவிடுவார். ஒரு தடவை ரேஸ் நடக்கிற இடத்து வாசலில் நின்ற போலீஸ்காரர் மாட்டு வண்டியைப் பார்த்து, "யோவ், இத்த எங்க கொண்டுபோய் வுடப்போற?" என்று அதட்டினார். அண்ணன் இறங்கிக் கும்பிட்டு, "ரேஸ்லதான் சார். மாடு கொஞ்சம் வேகம். காருங்கள ஓரமா போவச் சொல்லுங்க" என்றார். போலீஸ்காரர் சிரித்துவிட்டார். வண்டிக்குப் புளியமரத்தடியில் இடம் கிடைத்தது.

இப்படிப்பட்டவரை உலகம் என்ன சொல்லும்? விளையாட்டுப் பிள்ளை என்று சொல்லும். நாற்பது வயசைத் தாண்டியும் அப்படித்தான் சொன்னார்கள். உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும் என்றுதான் பேனா எடுத்தேன். எனக்கும் மனசுக்குள் அந்த எண்ணம்தான் இருந்தது. அந்த எண்ணம் அடித்துக்கொண்டு போன நாளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையில் முக்கியமாகச் சொல்லப்போகிறேன்.

தங்கைக்குப் பதினெட்டு வயதில் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள ஊரில் மாப்பிள்ளை அமைந்தது. தங்கமான பையன். பெண்ணை அவருக்குப் பிடித்துவிட்டது. ஆனால் மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்குத் தன் மகள் வயிற்றுப் பேத்தியை அந்தப் பையனுக்குக் கொடுக்க வேண்டும் என்று ஆசை. சபையில் வெளிப்படையாகச் சொல்ல முடியாமல் சந்து பார்த்துக்கொண்டிருந்தார். நிச்சயதார்த்தத்தன்று அண்ணனைப் பார்த்து, "நீ இன்னா பண்ற?" என்று கேட்டார்.

"பயிர்த்தொழில்தான் மாமா."

"கேள்விப்பட்டேன். காடை புடிக்கிறதுக்கு நடுவுல பயிரும் வெக்கிறியாமே."

"ஆமாம் மாமா. காடைங்களுக்கு லீவு வுடற நாள்ல."

சபையே சிரித்தது. பெரியவர் சிரிக்கவில்லை. "பொறுப்பில்லாத ஊட்ல பொண்ணு எடுக்கறோம்" என்று போகும்போது காதுபட முணுமுணுத்துவிட்டுத்தான் போனார். அண்ணன் அதைக் கேட்டும் கேட்காத மாதிரி அவருக்கு வெற்றிலைத் தட்டை நீட்டினார். எனக்குத்தான் உடம்பெல்லாம் எரிந்தது.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் மாப்பிள்ளை வீட்டில் நடக்கும். முதல் நாள் சாயங்காலமே பெண்ணை அழைத்துக்கொண்டு போய்விட வேண்டும். பெண் கல்யாணத்துக்கென்று வீட்டு வாசலைத் தாண்டிவிட்டால், தாலி ஏறாமல் திரும்பி அந்த வாசலை மிதிக்கக் கூடாது. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் அதில்தான் தப்புச் செய்தேன்.

அந்த வருஷம்தான் எனக்குச் சொந்த லாரி வந்திருந்தது. நம் சுற்றுவட்டாரத்தில் கிளீனராக இருந்து லாரிக்காரனாக ஆனவன் அப்போது நான் ஒருத்தன்தான். லாரிக்கு வாழைமரம் கட்டி, அதில் தங்கையை உட்கார வைத்து, அந்தப் பெரியவர் கண்ணெதிரே கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்று எனக்கு வெறி. லாரியோ லோடு ஏற்றிக்கொண்டு போயிருந்தது. கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரிதான் திரும்பும். அதனால் பெண்ணைச் சாயங்காலம் அனுப்பாமல், முகூர்த்தத்தன்று காலையில் முதல் வேளையாகக் கொண்டுவருகிறோம் என்று அக்கரைக்குச் சொல்லியனுப்பினேன். முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. ஆறு காய்ந்து கிடந்தது. மணலில் லாரி இறங்கி ஏறினால் கால் மணி நேரம்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு அண்ணன் ஆற்றிலிருந்து வந்தார்.

"டேய், மூணு நாளா ஊத்துல தண்ணி ஏறிக்கினே இருக்குது. முழங்கை ஆழத்துல இருந்தது, இன்னிக்கு நாலு வெரக்கடைல நிக்குது. இங்க ஒரு சொட்டு மழை இல்ல. மேல மலைப்பக்கம் கொட்டுது. ஆறு வரும்டா."

ஆற்று மணலில் பெண்கள் குழி தோண்டித் தண்ணீர் எடுப்பார்களே, அந்த ஊற்றைத்தான் சொன்னார்.

"வானம் தொடச்சு வெச்ச மாதிரி இருக்குது. ஆறு வருதாம். சும்மா இரு ண்ணா."

"மொத நாள் சாயங்காலமே வண்டி கட்டிடலாம். முறையும் அதான்."

"லாரி வெச்சுக்கினு தங்கச்சிய மாட்டு வண்டில அனுப்பிச்சான்னு ஊரு பேசணுமா?"

அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சரிடா. உன் லாரிலயே போவட்டும்" என்றார். அவ்வளவுதான். மறுநாள் விடிவதற்குள் வண்டியையும் மாட்டையும் காணோம். "எங்க போனாரு?" என்று அண்ணியைக் கேட்டேன். "பழவேற்காட்டுக்குப் போறேன்னாரு. மீனா மனுசனான்னு கேக்க மறந்துட்டேன்" என்றார்கள்.

பழவேற்காட்டில் ஏரியில் மீன்பிடிக்கும் கன்னியப்பன் என்பவர் அண்ணனுக்கு உயிர்த் தோழர். காணும் பொங்கலுக்கு வீட்டோடு எங்கள் எல்லோரையும் கூட்டிப்போய் அவர் படகில்தான் ஏற்றிச் சுற்றிக்காட்டுவார். கல்யாணத்துக்கு முதல் நாள், வெயில் தாழ்கிற நேரத்தில், எதிர்க்கரையிலிருந்து அண்ணனுடைய வண்டி ஆற்று மணலில் இறங்கியது. வண்டியின் மேல் ஒரு முழுப் படகு. முன்பக்கம் மாட்டுத் தலைக்கு மேலேயும் பின்பக்கம் ஓர் ஆள் நீளத்துக்கும் நீட்டிக்கொண்டு நின்றது. படகுக்குள் கன்னியப்பன் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஊற்றில் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் குடத்தை வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

"இன்னா ண்ணா, காஞ்ச ஆத்துக்கு ஓடம் கொண்டாறியா?"

"தண்ணி பின்னாடி வருதும்மா. நான் கொஞ்சம் முன்னாடி வந்துட்டேன்."

ஊரே கூடிவிட்டது. எனக்கு மானம் போயிற்று. "பேஜாரு பண்ணாத ண்ணா. அக்கரையில பாத்தா இன்னா நெனைப்பாங்க?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"பொண்ணு வீட்டு ஒறவு வந்துக்குதுன்னு நெனைப்பாங்க" என்றார்.

கன்னியப்பன் படகுக்குள் இருந்தபடியே, "தம்பி, கல்யாணச் சாப்பாடு உண்டா, இல்ல இப்டியே திரும்பிடட்டா?" என்று கேட்டார். நான் வீட்டுக்குள் போய்விட்டேன். படகை நம் கரையில் ஆலமரத்தடியில் கவிழ்த்து வைத்தார்கள். அன்று அதைப் பார்த்துச் சிரிக்காத ஆள் இல்லை.

மறுநாள் காலை ஆறரை மணிக்குத் தங்கை வாசல் தாண்டினாள். கூரைப்புடவை, தலை நிறையப் பூ. லாரியில் எனக்குப் பக்கத்தில் தங்கை, அவளுக்குப் பக்கத்தில் அண்ணி. பின்னால் ஊர் ஜனம். ஹாரனை அடித்துக்கொண்டு ஆற்றுக்கரை மேட்டில் ஏறினேன். ஏறியதும் பிரேக்கை மிதித்தேன்.

ஆறு வந்திருந்தது. இரண்டு கரையும் முட்ட, செந்நிறத்தில், முள்மரங்களை வேரோடு உருட்டிக்கொண்டு போனது. மெயின் ரோட்டுப் பாலத்தைச் சுற்றிப் போகலாம் என்று லாரியைத் திருப்பப் பார்த்தேன். அந்தப் பக்கமிருந்து சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்த ஓர் ஆள், ஏரித் தண்ணீர் ரோட்டை அறுத்துவிட்டது, மாடுகூட இறங்காது என்றார். நெல்லூருக்கும் மெட்ராஸுக்கும் இடைவிடாமல் ஓடின வண்டி, நூறு கஜம் தண்ணீருக்கு முன்னால் நின்றுவிட்டது.

அக்கரையில் மாப்பிள்ளை வீட்டார் திரண்டு நின்றார்கள். பெரியவர் குடையோடு முன்னால் நின்றார். அவர் பக்கத்தில் இருந்த ஒருத்தர் வாயில் கையைக் குவித்துக்கொண்டு கத்தினார். ஆற்று இரைச்சலில் பாதி போனாலும் பாதி வந்து சேர்ந்தது. "பத்தரைக்குள்ள வர்லன்னா சொல்லிடுங்க. பெரியவரு பேத்தி பந்தல்லதான் இருக்குது."

தங்கைக்கும் அது கேட்டது. அவள் அழவில்லை. முன்னால் இருந்த கம்பியைப் பிடித்த பிடியை விடாமல் நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் வீட்டு வாசலை மிதிக்க முடியாது. முன்னால் ஆறு. அஞ்சு வயசில் தாயைப் பறிகொடுத்த பெண்ணை இந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியவன் நான். ரோட்டில் யாருக்கும் தலைகுனியாதவன், அன்று முன்சக்கரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு குனிந்த தலை நிமிராமல் நின்றேன்.

அண்ணன் வந்தார். நான் சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று மட்டுமில்லை, சாகிற வரைக்கும் சொல்லவில்லை.

"டேய், லோடு கட்ற கயிறு இருக்குதா?"

"இருக்குது ண்ணா."

"எல்லாத்தையும் எடு. முடிச்சுப் போடு. நீ போட்டா அவுராது."

முடிச்சுகளை நான்தான் போட்டேன். கயிறும் என் லாரிக் கயிறு. இதையும் இங்கே எழுதி வைக்கிறேன். ஒரு முனையை லாரியில் கட்டினேன். மறுமுனையை அண்ணன் இடுப்பில் கட்டிக்கொண்டு, வேட்டியைத் தார்ப்பாய்ச்சி, நேரே இறங்காமல் கரையோடு மேற்கே நூறு அடி நடந்துபோய் அங்கிருந்து ஆற்றில் விழுந்தார். நாற்பத்திரண்டு வயசு.

தண்ணீர் அவரைக் கீழே தள்ளியது. தலை தெரிந்தது. அப்புறம் ஒரு முள்மரம் உருண்டு வந்தது. அப்புறம் தலை தெரியவில்லை. என் கையில் இருந்த கயிறு தளர்ந்துபோனது. அண்ணி லாரியை விட்டு இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றார்கள். கயிற்றை ஒரு கையால் அவர்களும் பிடித்துக்கொண்டார்கள். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. திடீரென்று கயிறு வெடுக்கென்று இழுத்தது. எதிர்க்கரையில் நாணல் புதருக்குள்ளிருந்து அண்ணன் எழுந்து நின்றார். அண்ணி அப்போதுதான் மூச்சு விட்டார்கள். "வெறுங்கையோட வந்துட்டாரு பாரு, ஒரு மீன் கூட இல்ல" என்றார்கள்.

அக்கரையில் நடந்ததை மாப்பிள்ளை பிற்பாடு எங்களுக்குச் சொன்னார். அண்ணன் சொட்டச் சொட்டப் பெரியவர் முன்னால் போய் நின்று, "மாமா, பொண்ணு வூட்ல இருந்து மொத ஆளு வந்துட்டேன். இந்தக் கயித்த ஒரு பனைமரத்துல கட்டணும். கொடைய வெச்சுட்டு ஒரு கை குடுங்க" என்றாராம். பெரியவர் குடையைக் கீழே வைத்தாராம்.

கயிறு விறைப்பாக நின்றது. ஆலமரத்தடியில் கவிழ்ந்து கிடந்த படகை நேற்றுச் சிரித்தவர்களே ஓடிப்போய்த் தூக்கிவந்தார்கள். கன்னியப்பன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு படகில் நின்றார். அண்ணன் அதே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நீந்தி இக்கரைக்கு வந்து தங்கையோடு ஏறிக்கொண்டார். அண்ணியும் ஏறினார்கள். நானும் ஏறினேன். கன்னியப்பன் கயிற்றைக் கை மாற்றி மாற்றி இழுக்க, படகு நகர்ந்தது.

நடு ஆற்றில் படகு ஒருபக்கம் சாய்ந்தது. தங்கை கண்ணை மூடிக்கொண்டாள்.

"பாப்பா, தண்ணியப் பாக்காத. எதிர்க்கரையில உன் மாமியாரு நிக்கிறாங்க, அவங்களப் பாரு. ஆறே தேவலைன்னு தோணும்" என்றார் அண்ணன்.

தங்கை சிரித்துவிட்டாள். அவள் அக்கரையில் கால் வைத்தபோது அந்தச் சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது. மேளம் கொட்டியது. மணி எட்டே முக்கால்.

ஒன்பதரைக்குத் தாலி ஏறியது. அதற்குள் ஏழு நடையில் நம் ஜனம் மொத்தமும் வந்து சேர்ந்துவிட்டது. என் லாரி நம் கரையிலேயே வாழைமரத்தோடு நின்றது. அதை யாரும் பார்க்கவில்லை. எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

சாப்பாடு முடிந்து, தண்ணீர் கொஞ்சம் வடிந்த பிறகு பெரியவர் அண்ணனிடம் வந்து தொண்டையைக் கனைத்தார். "நான் பொறந்ததிலிருந்து படகுல ஏறினதில்ல" என்றார். அண்ணன் அவர் கையைப் பிடித்து ஏற்றினார். பெரியவரைப் பார்த்துவிட்டு மற்றவர்களும் வரிசையில் நின்றார்கள். சாயங்காலம் வரை ஆற்றில் திருவிழாவாக இருந்தது. அதற்குப் பிறகு பெரியவர் தன் வீட்டில் எந்த நல்ல காரியம் என்றாலும் முதல் வெற்றிலை பாக்கு அண்ணனுக்குத்தான் வைத்தார்.

பத்து வருஷம் ஓடிப்போயிற்று. கும்மிடிப்பூண்டி பக்கம் கம்பெனிகள் வர ஆரம்பித்தன. என் பட்டறையும் பெரிசாயிற்று. "நீ வந்து ஒக்காந்து பாத்துக்கினா போதும் ண்ணா" என்று ஒரு நாள் அழைத்துப்போய் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். மத்தியானம் வரைக்கும் இருந்தார். "டேய், மேல பாத்தா தகரம்தான் தெரியுது. வானத்த எங்கடா வெச்ச?" என்று கேட்டுவிட்டு, பையன்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, பஸ் ஏறிப் போய்விட்டார். பையன்கள் அதற்கப்புறம் ஒரு மாசம் அவரைத்தான் கேட்டார்கள்.

வயிற்றில் கட்டி என்று மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, பதினெட்டு நாளும் பக்கத்தில் இருந்து துணி மாற்றி, கஞ்சி ஊட்டியவர் தங்கையின் மாப்பிள்ளைதான். நான் போனபோது, "நீங்க பட்டறையப் பாருங்க மச்சான். இவரு என்னை ஒரு தடவை காப்பாத்தினவரு" என்றார். "உன்னை எங்கடா காப்பாத்தினேன், பாப்பாவத்தானே" என்றார் அண்ணன், படுக்கையிலிருந்து. "அன்னிக்கு நீங்க வர்லன்னா எனக்கு அமைஞ்சிருக்கக்கூடிய வாழ்க்கைய நெனைச்சுப் பாருங்க" என்றார் மாப்பிள்ளை. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் நர்ஸம்மா வந்து அதட்டினார்கள்.

கடைசி நாலு நாள் வீட்டில். உள்ளே படுக்கமாட்டேன் என்றார். கால்வாய் ஓரத்தில் கட்டிலைப் போட்டோம். ஒரு நாள் காலையில், நாற்று வயலில் கொக்கு இறங்குவதைப் பார்த்துக்கொண்டே போய்விட்டார். அண்ணி பக்கத்தில் இருந்தார்கள்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். ஆஸ்பத்திரியில் அன்பாகப் பார்த்துக்கொண்ட டாக்டர்களுக்கும் நர்ஸம்மாக்களுக்கும் நன்றி. தன் வீட்டுக் காரியம் போல ஓடிய மாப்பிள்ளைக்கும் தங்கைக்கும் நன்றி என்று எழுதினால் கோபிப்பார்கள். எழுதிவிட்டேன், கோபிக்கட்டும். பழவேற்காட்டிலிருந்து மூன்று வண்டி ஜனத்தோடு வந்த கன்னியப்பன் அவர்களுக்கும், பந்தல் போட்ட ஊர் இளைஞர்களுக்கும், அடுப்பைப் பார்த்துக்கொண்ட பெண்மக்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

கருமாதி அன்று ஒன்று நடந்தது. சடங்கு முடிந்து எல்லோரும் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். கன்னியப்பன் அண்ணனைப் பற்றி எதையோ சொல்ல ஆரம்பித்தார். ஒருத்தர் சிரித்தார். இன்னொருத்தர் வேறொன்று சொன்னார். கொஞ்ச நேரத்தில் பந்தல் முழுக்கச் சிரிப்பு. பெரியவர், எண்பது வயசு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அண்ணியும் சிரித்தார்கள். சாவு வீட்டில் இப்படி ஒரு சிரிப்பை நான் எங்கும் கேட்டதில்லை.

அப்போது வெளியூரிலிருந்து வந்த ஒருவருக்கு யாரோ என்னைக் காட்டி, "இவரு அவரோட தம்பி" என்றார்கள். பட்டறையைச் சொல்லவில்லை, லாரியைச் சொல்லவில்லை. முன்னே என்றால் நானே சொல்லியிருப்பேன். அன்று சொல்லவில்லை. அச்சாபீஸில் என் பெயருக்குக் கீழே என்ன போடுவது, புரொப்ரைட்டர் என்று போடட்டுமா என்று கேட்டார்கள். பெயரே வேண்டாம், நான் சொல்வதைப் போடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
அவருடைய தம்பி